பெர்லினில் வண்டி மாற எவ்வளவு நேரம் விடலாம்?

சித்தப்பா மகள் போன மாதம் கூப்பிட்டாள். "அண்ணா, பிராக்லேருந்து கொலோன் போறோம். பெர்லின்ல வண்டி மாறணுமாம். ஒரு டிக்கெட்ல 14 நிமிஷம் இடைவெளி, இன்னொண்ணுல ஒண்ணேகால் மணி நேரம், அடுத்ததுல மூணேகால். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதைப் போடட்டும்?"

நான் லைப்சிக்கில் இருக்கிறேன். பெர்லின் ஒன்றேகால் மணி நேரப் பயணம். அதனால் வருஷத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருவார்கள். என் பதில் எப்போதும் கடைசியில் சொன்னதுதான், மூன்றேகால். "அவ்வளவு நேரம் ஸ்டேஷன்ல என்ன அண்ணா பண்றது?" என்றாள். அதைப் போனில் சொல்லி முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

முதலில், வண்டி மாற வேண்டிய இந்த ஸ்டேஷன், அதாவது பெர்லினின் தலைமை ரயில் நிலையம், எப்படிப்பட்டது என்று புரிய வேண்டும். நம் மனதில் பெரிய ஸ்டேஷன் என்றால் சென்னை சென்ட்ரல். பிளாட்பாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், தண்டவாளம் முட்டி நிற்கும். அந்த முட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எந்தப் பிளாட்பாரத்துக்கும் சமதரையில் நடந்துவிடலாம். லைப்சிக்கும் அதே சாதிதான். பெர்லின் அப்படி இல்லை. அங்கே வண்டிகள் முட்டி நிற்பதில்லை, ஊடுருவிப் போகின்றன. அதுவும் சிலுவை மாதிரி. கிழக்கு மேற்காகப் போகும் தடம் தெருவுக்கு 10 மீட்டர் மேலே பாலத்தில் ஓடுகிறது. தெற்கு வடக்காகப் போவது தெருவுக்கு 15 மீட்டர் கீழே சுரங்கத்தில். நடுவில் மூன்று மாடிகள், அவற்றில் கடைகள், ஏறி இறங்க 54 எஸ்கலேட்டர்கள்.

பிளாட்பார எண்ணை வைத்தே எந்தத் தளம் என்று சொல்லிவிடலாம். 1 முதல் 8 வரை பாதாளம். 11 முதல் 16 வரை உச்சி, அதில் 15, 16 இரண்டும் உள்ளூர் எஸ்-பான் ரயிலுக்கு. 9, 10 என்று எதுவும் கிடையாது. ஒற்றை இலக்கம் என்றால் அடித்தளம், இரட்டை இலக்கம் என்றால் மேல்தளம். டிக்கெட்டில் இரண்டு எண்களையும் பார்த்த உடனே தெரிந்துவிடும், நீங்கள் பிளாட்பாரம் மாறுகிறீர்களா, ஒரு கட்டடத்தையே ஏறுகிறீர்களா என்று. பிராக் வண்டி கீழே வரும், கொலோன் வண்டி மேலே நிற்கும். எட்டு மாடி ஏறினாற்போல் 25 மீட்டர்.

சரி, 14 நிமிடத்தை எடுத்துக்கொள்வோம்.

கையில் ஒரு முதுகுப்பை மட்டும் இருந்து, கால் நன்றாக இருந்தால், ஏறிவிடலாம். நானே பலமுறை ஏறியிருக்கிறேன். ஆனால் 14 நிமிடம் என்பது வண்டி சரியான நேரத்துக்கு வந்தால்தான். ஜெர்மன் ரயில்வேயின் சொந்தக் கணக்குப்படியே 2024-இல் தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் 6 நிமிடத்துக்குள் தாமதமானால் அதை அவர்கள் தாமதமாகவே கணக்கில் எடுப்பதில்லை. மூன்று வண்டிக்கு ஒன்றுக்கும் மேல் பிந்தி வருகிறது என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

குறுகிய இடைவெளிக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பிராக்கிலிருந்து கொலோன் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், இணைப்பு வண்டி தவறினாலும் பணம் போகாது. போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே, குறிப்பிட்ட வண்டியில்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு விலகிவிடும். அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு துண்டாக டிக்கெட் எடுத்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆக, தனியாள் துணிந்து போடலாம். குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன். காரணம் இருக்கை. ஜெர்மனியில் பயணச்சீட்டு வேறு, இருக்கை முன்பதிவு வேறு. நீங்கள் பதிவு செய்த இருக்கை அந்த ஒரு வண்டிக்குத்தான். அது போய்விட்டால் அடுத்த வண்டியில் பயணம் செய்ய உரிமை இருக்கும், உட்கார இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொலோன் பக்கம் போகும் வண்டியில், நான்கு மணி நேரத்துக்கும் மேல், மாமியாரையும் இரண்டு பையன்களையும் நடைவழியில் பெட்டி மேல் உட்கார வைத்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். பதில் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் இறங்கினோம், கையில் 12 நிமிடம். அத்தைக்கு எஸ்கலேட்டர் பயம். லிஃப்டுக்குப் போனோம். பார்க்க அழகான உருளைக் கண்ணாடி லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் நின்று, குழந்தை வண்டி, சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் போகும். அங்கே மாடி எண்ணும் தெருவிலிருந்துதான் தொடங்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. நான் அவசரத்தில் அமுக்கியது மேலே ஒன்று. கதவு திறந்ததும் இறங்கினோம். எதிரே பேக்கரி! பிளாட்பாரம் இன்னும் ஒரு மாடி மேலே. லிஃப்ட் போய்விட்டது. அத்தை கையைப் பிடித்து எஸ்கலேட்டரில் ஏற்றி மேலே வந்தபோது வண்டியின் வால்தான் தெரிந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனால் இன்னும் ஒரு பத்து நிமிடம் இருந்திருந்தால் அது தப்பாகவே ஆகியிருக்காது.

இதில் இன்னொரு சிக்கல், பிளாட்பாரத்தின் நீளம். ஐசிஇ என்ற அதிவேக வண்டிகளில் நீளமானது 370 மீட்டருக்கும் மேல் வரும். பிளாட்பாரத்தை ஏ, பி, சி என்று எழுத்துகளால் பிரித்திருப்பார்கள். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு எதிரே நிற்கும் என்பது பலகையில் வரும். சில நாள் வண்டி தலைகீழாக வரும், அதாவது பெட்டிகளின் வரிசை மாறி. ஏ முனையில் காத்திருந்தவர்கள் எல்லாம் எதிர்முனையை நோக்கி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் ஓடியிருக்கிறேன். மேல்தளத்தின் கடைசியில் நிற்பவர்களுக்கு மழையும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கண்ணாடிக் கூரையை 430 மீட்டருக்குத் திட்டமிட்டார்கள். 2006 உலகக்கோப்பைக் கால்பந்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் 321 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள். மிச்சத்துக்குப் பிளாட்பாரம் உண்டு, கூரை கிடையாது.

அடுத்தது ஒன்றேகால் மணி நேரம். பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பாதுகாப்பானது, மறுப்பதற்கில்லை. ஆனால் இதில் ஒரு ஆசை வரும். "வெளியே போய் பிராண்டன்பர்க் கேட் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடலாமே?" வேண்டாம். லாக்கரைத் தேடிப் பெட்டி வைக்க கால் மணி நேரம், நடந்து போக இருபது நிமிடம், திரும்பி வர இருபது, பெட்டியை எடுத்து மேலே ஏற இன்னொரு கால் மணி. கூட்டிப் பாருங்கள், மிஞ்சுவது ஐந்து நிமிடம். வண்டி பத்து நிமிடம் பிந்தினால் அதுவும் போச்சு. பெட்டியை இழுத்துக்கொண்டே போனவர்களையும் பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி இல்லை, வீடு காலி செய்துகொண்டு போகிறவர்கள் மாதிரி இருந்தது.

இந்த ஒன்றேகால் மணி நேரத்தை உள்ளேயே செலவழித்தால் அதற்குத் தகுதியான இடம்தான் இது. நடு மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பாருங்கள். தலைக்கு மேல் ஒரு வண்டி பாலத்தில் போகும், அதே நேரம் காலடியில் வேறொன்று சுரங்கத்திலிருந்து வந்து நிற்கும். நடுவே ஒளி மேலிருந்து அடித்தளம் வரை இறங்குகிறது. பையன்களை இதன் முன்னால் நிறுத்திவிட்டால் அரை மணி நேரம் கவலையில்லை. உள்ளே எண்பது கடைகள் இருக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு முழுக்க மூடிக் கிடக்கும், ஸ்டேஷன் கடைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஞாயிறன்று பால், பழம், தண்ணீர் வாங்க ஊர்க்காரர்களே இங்கேதான் வருகிறார்கள். சைவக்காரர்கள் பேக்கரியில் வெண்ணெய் தடவிய பிரெட்செல் வாங்கிக்கொள்ளலாம். கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். இல்லையென்றால் வண்டியில் இருக்கும்போதே போய்விட்டு இறங்குங்கள், அங்கே இலவசம். பிளாட்பாரம் டிக்கெட் என்ற வழக்கமே இல்லை, யார் வேண்டுமானாலும் எந்தப் பிளாட்பாரத்துக்கும் போய் வரலாம்.

கீழ்த்தளத்தில் அண்ணாந்து பார்த்தால் சப்பையான, சாதாரணமான உட்கூரை ஒன்று தெரியும். மேலே அவ்வளவு அழகாகக் கட்டியவர்கள் இங்கே மட்டும் ஏன் இப்படி விட்டார்கள் என்று தோன்றும். கட்டடக் கலைஞர் மைன்ஹார்ட் ஃபான் கெர்கானுக்கும் அதே ஆத்திரம்தான். அவர் வரைந்தது வளைவு வளைவான கூரை. ரயில்வே செலவையும் நேரத்தையும் காட்டி, அவரைக் கேட்காமல் தட்டையாகப் போட்டுவிட்டது. அவர் வழக்குப் போட்டார். 2006 நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2008-இல் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். தட்டைக் கூரை அப்படியே இருக்கிறது. நான் யாரை அழைத்துப் போனாலும் இதைக் காட்டாமல் விடுவதில்லை.

மூன்றேகால் மணி நேரம் இருந்தால்தான் விஷயமே மாறுகிறது. ஏனென்றால் இந்த ஸ்டேஷன் கடைத்தெருவில் இல்லை. ஒரு காலத்தில் நகரத்தைப் பிளந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேற்கு பெர்லின்காரர்களுக்கு ஸோ ஸ்டேஷன்தான் பிரதானம். கிழக்குக்கு ஓஸ்ட்பான்ஹோஃப். அதற்கு 1987 முதல் 1998 வரை 'ஹவுப்ட்பான்ஹோஃப்', அதாவது தலைமை ரயில் நிலையம், என்றே பெயர். ஊர் ஒன்றானபோது இரண்டும் ஓரமாகத் தெரிந்தன. போரில் சிதைந்து 1950களில் இடிக்கப்பட்ட பழைய லேர்ட்டர் நிலையம் நின்ற இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். 2006 மே 26 அன்று ஆங்கெலா மெர்க்கெல் திறந்து வைத்தார். அதனால் தெற்கு வாசலில் வெளியே வந்தால் கண் முன்னால் கடையோ சந்தடியோ கிடையாது. ஷ்பிரே ஆறு, அதற்கு அப்பால் புல்வெளி, அதற்கும் அப்பால் நாட்டை ஆளும் கட்டடங்கள்.

பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டு வந்துவிட்டால் மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, எஸ்-பானில் ஏறி மியூசியம் தீவு. ஊ5 (U5) என்ற மெட்ரோவிலும் போகலாம். இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பெர்லினில் மூன்று நிறுத்தம் வரை செல்லும் குறுந்தூரச் சீட்டு ஒன்று மலிவாகக் கிடைக்கும். ஊ5-இல் மியூசியம் தீவு நான்காவது நிறுத்தம், சீட்டு செல்லாது. எஸ்-பானில் ஹக்கெஷர் மார்க்ட் இரண்டாவதே நிறுத்தம், அங்கிருந்து தீவுக்குப் பொடிநடை. மலிவான வழியில்தான் காட்சியும் இருக்கிறது. ஃப்ரீட்ரிக் தெரு நிறுத்தத்தைத் தாண்டியதும் வண்டி போடே, பெர்கமோன் என்ற இரண்டு பெரிய மியூசியங்களுக்கு நடுவே புகுந்து போகும், கையை நீட்டினால் சுவரைத் தொட்டுவிடலாம் போல. ஊ5-இல் போனால் சுரங்கம்தான். ஆனால் 2021-இல் திறந்த அந்த மியூசியம் தீவு நிறுத்தத்தின் கூரை நீல வானமாகவும் அதில் 6,662 விளக்குகள் நட்சத்திரங்களாகவும் இருக்கும், அது தனி அழகு. போக எஸ்-பான், திரும்ப ஊ5 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மியூசியத்துக்குள் நுழைந்தால் மூன்றேகால் மணி நேரம் போதாது. பெர்கமோன் 2023 அக்டோபரிலிருந்து புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறது, 2027-இல் ஒரு பகுதி திறப்பதாகத் திட்டம். வெளியே நின்று பார்ப்பதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வடக்குப் பக்கம் பத்து நிமிட நடையில் ஹாம்பர்கர் பான்ஹோஃப். பெயர்தான் ஸ்டேஷன். 1846-இல் ஹாம்பர்க் வண்டிக்காகக் கட்டியது. 1884-லேயே ரயில் நின்றுவிட்டது. 1996 முதல் நவீனக் கலை அருங்காட்சியகம். இரட்டைக் கோபுர வெள்ளைக் கட்டடம், உள்ளே பழைய இரும்பு வளைவுகள். ரயில் பைத்தியங்களும் கலைப் பைத்தியங்களும் போகலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். குழந்தைகளோடு என்றால் தெற்கே ஆற்றங்கரையில் ஃப்யூச்சூரியம் இருக்கிறது, அனுமதி இலவசம், தொட்டு விளையாட நிறைய உண்டு. அதற்குச் செவ்வாய் விடுமுறை.

மூன்றாவதுதான் என் தேர்வு. ஒரு காசு செலவில்லாமல் நடப்பது. தெற்கு வாசல், சின்ன நடைபாலம், பூங்கா. வலது பக்கம் பிரதமர் அலுவலகம் வெள்ளையாக எழும்பி நிற்கும். அதன் பக்கத்திலேயே தன்னந்தனியாக ஒரு பழைய வீடு, கூரையில் சிவப்புக் கொடி. சுவிட்சர்லாந்துத் தூதரகம். அந்தக் காலத்தில் இங்கே ஒரு பணக்காரக் குடியிருப்பே இருந்தது. ஹிட்லர் காலத் திட்டங்களும் போரும் சேர்ந்து மற்றதையெல்லாம் வழித்துப் போட, மிஞ்சியது இந்த ஒரு வீடு. இன்னும் கொஞ்சம் நடந்தால் ரைக்ஸ்டாக் என்ற பாராளுமன்றக் கட்டடம், அதன் மேல் நார்மன் ஃபாஸ்டர் 1999-இல் வைத்த கண்ணாடிக் குவிமாடம். உள்ளே ஏற இலவசம்தான், ஆனால் பெயரை முன்பே பதிய வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும். வண்டி மாறுகிற நாளில் அந்த நேரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பேன். கட்டடத்தின் பின்பக்கம் ஆற்றோரமாகப் போங்கள். வேலியில் வெள்ளைச் சிலுவைகள் வரிசையாகத் தொங்கும், சுவரைத் தாண்ட முயன்று செத்தவர்களின் நினைவாக. அதே இடத்தில் ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இருக்கும் இரண்டு பாராளுமன்றக் கட்டடங்களை ஒரு நடைபாலம் இணைக்கிறது. அந்த ஆறுதான் எல்லையாக இருந்தது. பிராண்டன்பர்க் கேட் அங்கிருந்து ஐந்து நிமிடம். போட்டோவை இப்போது நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

போக வர, நின்று பார்க்க, உட்கார்ந்து சாப்பிட எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். மீதி ஒன்றரை மணி நேரம் கையிருப்பு. முதல் வண்டி அரை மணி பிந்தினாலும் நடை நடக்கும். ஒரு மணி நேரம் பிந்தினால் நடை போகும், வண்டி போகாது. மூன்றேகாலை நான் விடாமல் சொல்வது இதனால்தான். குளிர்கால மழை நாளில் வருகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது ஒன்றேகாலையே போடுங்கள்.

முன்பதிவுச் செயலி பெரும்பாலும் குறுகிய இடைவெளியைத்தான் மேலே காட்டும். அதில் இடைநிறுத்தம் என்ற பகுதியில் பெர்லின் என்று போட்டு, எவ்வளவு நேரம் தங்குவீர்கள் என்பதையும் குறித்தால் ஒரே டிக்கெட்டாகவே வரும். இரண்டாக உடைக்கத் தேவையில்லை.

ஊர் பார்க்க ஆர்வமே இல்லை, அலுங்காமல் மாறினால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு வழி. இரண்டு வண்டியும் ஷ்பாண்டாவில் நிற்கிறதா என்று பாருங்கள். நகரத்தின் மேற்கு ஓரத்தில், மேலே போகும் தடமும் கீழே போகும் தடமும் சேர்கிற இடம் அது. பிளாட்பாரங்கள் எல்லாம் ஒரே மட்டம். இறங்கி, படியில் இறங்கி, பக்கத்துப் படியில் ஏறினால் முடிந்தது. பார்க்க ஒன்றும் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே சொர்க்கம். அத்தை அடுத்த முறை வந்தால் அங்கேதான் மாற்றுவேன்.

சித்தப்பா மகள் மூன்றேகாலையே போட்டாள். வந்து இறங்கியதும் சின்னவன் தூங்கிவிட்டானாம். அவனை மடியில் போட்டுக்கொண்டு மாமியாரோடு முக்கால் மணி நேரம் கீழேயே உட்கார்ந்திருக்கிறாள். பிறகு எல்லோருமாக ஆற்றங்கரைக்கு நடந்து, பிரதமர் அலுவலகத்துக்கு எதிரே புல்லில் உட்கார்ந்து, பிராக் விடுதி அறையில் கிளறிய புளியோதரையைத் தின்றுவிட்டுத் திரும்பினார்களாம். வண்டி ஏற இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது பெரியவனைக் காணவில்லை. தேடினால், ஒன்பதாம் பிளாட்பாரம் எங்கே என்று மாடி மாடியாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.